அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலம்: வேனில் தனியாகத் தங்க ஒரு வழிகாட்டி

பாலைவனம்தானே, வெயிலுக்கு என்ன குறை என்று டிசம்பரில் அரிசோனாவுக்கு வேனைத் திருப்புகிறவர்களுக்கு முதல் இரவிலேயே உண்மை தெரிந்துவிடும். மேற்கு எல்லையில் உள்ள குவார்ட்ஸைட்டில் ஜனவரிப் பகல் 19, 20 டிகிரி. அரைக்கைச் சட்டை போதும். இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். சில நாள் பூஜ்யத்தையும் தொடும். இதைவிடப் பெரிய விஷயம், டிசம்பர் கடைசியில் பகல் 10 மணி நேரம்தான், மீதி 14 மணி நேரம் இருட்டு. சூடு, மின்சாரம், தூக்கம் எல்லாவற்றையும் இந்த 14 மணி நேரத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

முதலில் உயரம், பிறகு இடம்

வரைபடத்தில் இலவச இடம் தேடுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். குவார்ட்ஸைட் ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் 2100 மீட்டர். ஒரே மாநிலம், ஒரே நாள், ஆனால் அங்கே பனி கொட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 600 மீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது. குவார்ட்ஸைட், யூமா, ஆஹோ வட்டாரங்கள், கலிஃபோர்னியா பக்கம் போனால் ஆன்ஸா-பொரேகோவின் தாழ்வான பகுதி எல்லாம் இதில் அடங்கும்.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. இலவசமாகத் தங்க முடிவது பெரும்பாலும் பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையின் நிலத்தில். பொது விதி: எந்த 28 நாளிலும் ஓரிடத்தில் 14 நாள். அதன்பின் அரிசோனாவில் குறைந்தது 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். பக்கத்துப் புதருக்கு வேனை நகர்த்துவது கணக்கில் வராது. மாநில அறக்கட்டளை நிலமும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். அங்கே அனுமதிச் சீட்டு வேண்டும். யூமா ராணுவச் சோதனைக் களத்தின் எல்லை குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே வருகிறது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் நிலம் அது, எச்சரிக்கைப் பலகையைத் தாண்டவே கூடாது. எனவே நில உரிமையை வண்ணத்தில் காட்டும் வரைபடச் செயலி ஒன்றை, அந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, பயன்படுத்துங்கள்.

முதல் முறை தனியாக வருபவருக்கு எங்கள் யோசனை குவார்ட்ஸைட்தான். டோம் ராக், ப்ளொமோசா சாலை, ஸ்காடன் வாஷ், ஹை ஜாலி என்று ஊரைச் சுற்றி 14 நாள் இலவச இடங்கள் இருக்கின்றன. (1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களோடு கூட்டி வந்த ஹாஜி அலியின் பெயர்தான் ஹை ஜாலி. ஊர் மயானத்தில் பிரமிடு வடிவக் கல்லறையின் உச்சியில் ஒட்டகம் நிற்கும்.) சில இடங்களில் பொறுப்பாளர் இருப்பார், பதிவு செய்துகொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருப்பார்கள், ஊர் பத்து நிமிடத்தில், செல்போன் சிக்னலும் கிடைக்கும். நிசப்தம் தேடுபவருக்கு ஜனவரி ஒத்துவராது. கல், ரத்தினச் சந்தைகளும் மோட்டார் வீட்டுக் கண்காட்சியும் அப்போதுதான் கூடும். தண்ணீர் பிடிக்கவே வரிசை நிற்கும்.

மாதக்கணக்கில் நிற்க நினைத்தால் லா போசா போன்ற நீண்டகாலத் தங்குமிடங்கள் உண்டு. பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. பருவச் சீட்டு பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்தது. போகும் ஆண்டின் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேனுக்காரர்கள் தவறவிடும் விதி ஒன்று: வண்டியோடு பொருத்திய, குறைந்தது 10 காலன் கொள்ளளவுள்ள கழிவுநீர்த் தொட்டி இல்லாவிட்டால், குறிப்பிட்ட கழிப்பறைகளிலிருந்து 500 அடிக்குள்தான் நிறுத்தலாம்.

எங்கே நிறுத்துவது

மணல் சமமாக, சுத்தமாக, மரநிழலோடு விரிந்திருக்கும் ஓடைப் படுகை பார்த்தவுடன் ஆசையைத் தூண்டும். அங்கே நிறுத்தாதீர்கள். மழை மலையில் பெய்திருந்தால் போதும், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு: இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையிலிருந்து சில மீட்டர் மேலே உள்ள கல்மேட்டில் நிறுத்தினால் அதே இரவு தெரியும்படி இதமாக இருக்கும்.

ஏற்கெனவே வண்டிகள் நின்று இறுகிய இடத்திலேயே நிறுத்துங்கள். புதுத்தடம் போட்டால் அந்த மண் ஆற வெகுகாலம் ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள், பாதை சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நீளமான வேனுக்குப் பின்புறம்தான் பள்ளத்தில் இடிக்கும். வண்டியின் மூக்கு வெளியேறும் வழியைப் பார்த்திருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் எதையும் வைக்காதீர்கள், சாவி எப்போதும் ஒரே இடத்தில். யாராவது வந்து நின்றால் வெளியே இறங்காமலே கிளம்ப முடிய வேண்டும். பலத்த காற்று வரும் என்றால் மட்டும் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்புங்கள்.

சூடு

வேன் முழுவதையும் சூடாக்க முயலாதீர்கள். உடம்பைச் சூடாக வைத்தால் போதும். ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் டிகிரி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை. சுகமாகத் தூங்க அதைவிட 5, 6 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். ‑7 என்று போட்ட பை பூஜ்யத்துக்குச் சரியாக இருக்கும். அடியில் மெத்தை மெலிதாக இருந்தால் எந்தப் பையும் உதவாது. ஜன்னல்களுக்கு வெள்ளிப்பூச்சு அட்டையை அளவாக வெட்டி அழுத்தி வையுங்கள். குளிர் அதிகம் நுழைவது கண்ணாடி வழியேதான்.

ஹீட்டரில் இரண்டு வகை. சின்ன புரொப்பேன் ஹீட்டர் மலிவு, ஆனால் எரிந்த வாயுவை வேனுக்குள்ளேயே விடும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். அது கண்ணாடியிலும் தகரத்திலும் வியர்த்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சையாக முடியும். மணிக்கு 4000 பி.டி.யு. (வெப்ப அலகு) அளவில் வைத்தால் ஒரு பவுண்டு டப்பா ஐந்தரை மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். தூங்கும் முன் அரை மணி, எழுந்தவுடன் அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. அதற்குத் தனி அலாரம் படுக்கை உயரத்தில் வேண்டும். புரொப்பேன் கசிவு அலாரம் தரையருகே. அந்த வாயு காற்றைவிடக் கனமானது.

மாதக்கணக்கில் தங்குபவருக்கு டீசல் ஹீட்டரே ஏற்றது. எரியும் அறை மூடியது, புகை தரைக்கு அடியில் வெளியே போகும், உள்ளே வருவது உலர்ந்த சூடு. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் குடிக்கும். இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்று:

- பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். ஒயர் மெலிதாக இருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ வோல்டேஜ் விழுந்து, பற்றாமலே பிழை எண் காட்டும். நல்ல ஹீட்டரைக் கழற்றுமுன் ஒயரைப் பாருங்கள்.
- எப்போதும் குறைந்த அளவிலேயே ஓடினால் உள்ளே கரி படியும். தினமும் அணைக்கும் முன் 15, 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.
- அணைத்தபின் காற்றாடி சில நிமிடம் ஓடிக் குளிர வேண்டும். நேரே மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே தங்கிய வெப்பம் பாகங்களைக் கெடுக்கும்.

எந்த ஹீட்டரானாலும் ஒரு ஜன்னலை விரல் அகலம் திறந்து, கூரை வென்டையும் கொஞ்சம் தூக்கி வையுங்கள். மூச்சு ஈரம் வெளியேற வேண்டும்.

பியூட்டேன் அடுப்பு வைத்திருப்பவர்கள் விடியலில் காபி போட முடியாமல் விழிப்பார்கள். பியூட்டேன் ‑0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் அடுப்புக்கு மாறுங்கள்.

மின்சாரம்

டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. 200 வாட் பேனல் நல்ல நாளில் 500 வாட்-மணி கொடுத்தால் அதிகம். தெற்கு நோக்கி 55 டிகிரி வரை சாய்த்தால் பாதிக்கு மேல் கூடும். சாய்க்க வழியில்லையென்றால் மடக்குப் பேனல் ஒன்றை வெளியே வையுங்கள். காற்றுக்கு அதைக் கட்டி வைக்கவும் வேண்டும்.

ஒரு நாள் செலவு, வாட்-மணியில்: 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 300, டீசல் ஹீட்டர் காற்றாடி 150 முதல் 200, போன், லேப்டாப், விளக்கு 150. ஆக 600க்கு மேல். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் 1280 வாட்-மணி இருக்கும், இரண்டு மேகமூட்ட நாள் தாங்கும். அதன்பின், வண்டி ஓடும்போது இந்தப் பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டி.சி. சார்ஜர் இருந்தால், ஒரு மணி நேரம் ஓட்டினால் 350 வாட்-மணி ஏறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். வேனுக்குள், தரைத் தகரத்தைத் தொடாமல் வையுங்கள்.

தண்ணீர், கழிவு

குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 4 லிட்டர், கழுவ 3. பத்து நாளுக்கு 70 லிட்டர். ஒரே தொட்டியில் வைக்காமல் நான்கு கேன்களாகப் பிரியுங்கள். ஒன்று கசிந்தால் மற்றவை மிஞ்சும். மலம் கழிக்கக் குழி தோண்டுவதாக இருந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், தங்குமிடத்துக்கும் ஓடைக்கும் 60 மீட்டர் தள்ளி. ஆனால் வறண்ட மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. பையில் கட்டி ஊர்க் குப்பைத்தொட்டியில் போடுவதே முறை. டாய்லெட் காகிதம் புதரில் தொங்கும் இடங்களைத்தான் கடைசியில் மூடிவிடுகிறார்கள்.

மணலில் சிக்கினால்

சக்கரம் சுழன்றவுடன் காலை எடுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் இன்னும் ஆழமாகப் புதைக்கும். டயர் 60 பி.எஸ்.ஐ. இருந்தால் 35, 40க்கு இறக்குங்கள். தரையில் பதியும் பரப்பு கூடும். இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னே மணலைச் சரிவாகத் தோண்டி, பிடிமானப் பலகையைச் செருகி, மெதுவாக நகர்த்துங்கள். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயர் பக்கவாட்டில் சூடேறி வெடிக்கும். பஞ்சர் ஆனால் மணலில் ஜாக்கி இறங்கிவிடும். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த ஒட்டுப்பலகை ஒன்று எடுத்துச் செல்லுங்கள். டோயிங் திட்டங்கள் பல, தார்ச்சாலையை விட்டு இறங்கி வராது.

மழைக்குப் பின் களிமண் பாதையில் ஒரு நாள் காத்திருந்து கிளம்புங்கள். வெள்ளத்துக்காகத் தடுப்பு வைத்த சாலையில் நுழைந்து மாட்டிக்கொண்டால், அரிசோனா சட்டப்படி மீட்புச் செலவு உங்கள் தலையில். புழுதிப் புயலில் சாலையை விட்டு நன்றாக விலகி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பின்விளக்கைப் பார்த்துத் தொடர்ந்து வருபவர் மோதுவார்.

தனியாக இருப்பதால்

நம்பிக்கையான ஒருவருக்கு இடக்குறியீடு, வண்டி எண், அடுத்த செய்தி எப்போது வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள். "அப்புறம் பேசுகிறேன்" என்பது திட்டமாகாது. சிக்னல் இல்லாத இடமென்றால் செயற்கைக்கோள் செய்திக் கருவி தேவை. வழியில் கேட்பவரிடம் தனியாக வந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

ச்சோயா (cholla) என்ற கள்ளிச்செடியின் முள்ளுருண்டை தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்காமல் சீப்பால் தட்டிவிடுங்கள். பழைய சுரங்கக் குழிகள் வேலியில்லாமல் திறந்து கிடக்கும், ஆகவே இருட்டில் நடக்காதீர்கள். பொந்தெலிகள் இன்ஜினுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். இரவில் பானட்டைத் திறந்து வைத்தால் குறையும்.

யூமா பக்கம் நெடுஞ்சாலைகளில் எல்லைக்காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. விசாவில் இருக்கும் நம்மவர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) இரண்டையும் வேனிலேயே வையுங்கள். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிஃபோர்னியா, குளிர்காலத்தில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். ஆற்றங்கரையில் போன் இரண்டு மாநிலத்துக் கோபுரங்களையும் மாறி மாறிப் பிடித்து நேரத்தைக் குழப்பும். கடை, வொர்க்‌ஷாப் நேரத்துக்குச் சாதாரணக் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.