பினாங்கில் நடைக்குழுவுக்கு ஆண்டுத் திட்டம் வகுப்பது எப்படி?

ஆண்டுத் திட்டத்தை எழுத உட்காரும் முன் மழைக்கணக்கைப் பாருங்கள். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் பொதுவாக வறண்டிருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஆகவே காட்டுப் பாதைகளையும் நீண்ட ஏற்றங்களையும் ஆண்டுத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, மழை மாதங்களை நகர உலாவுக்கும் ஒன்றுகூடலுக்கும் ஒதுக்குவது நல்லது. தைப்பூச வாரத்தில் மட்டும் தண்ணீர்மலைப் பக்கம் நடை வைக்க வேண்டாம். சாலைகள் அடைபட்டிருக்கும், உறுப்பினரில் பாதிப் பேர் தண்ணீர்ப் பந்தலில் இருப்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு நடையின் கடுமையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல குழுக்கள் இதில்தான் சறுக்குகின்றன. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 600 மீட்டருக்கும் மேல் உயர வேண்டியிருப்பதால், கர்னி கடற்கரை நடையை மனத்தில் வைத்து வந்தவர் சில வளைவுகளிலேயே மூச்சுவாங்க நின்றுவிடுவார். தூரத்தோடு ஏறும் உயரம், தரையின் தன்மை, மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம், கழிப்பறை உள்ள இடம் ஆகியவற்றையும் அறிவிப்பில் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே தொல்லை என்பதால், 1923இல் ஓடத் தொடங்கி 2011இல் புதுப்பிக்கப்பட்ட மலை ரயிலில் அவர்களை இறங்கச் சொல்லலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ரயில் வந்து நிற்பது ஆயர் ஈத்தாம் பக்கம், காரைப் பூங்காவில் நிறுத்தியவர்கள் அங்கிருந்து திரும்பிவர வண்டி ஏற்பாடு வேண்டும்.

வேகமாக நடப்பவரையும் நிதானமாக நடப்பவரையும் ஒரே நாளில் அழைத்துச் செல்ல தெலுக் பஹாங் தேசியப் பூங்கா மிகவும் ஏற்றது. நுழைவாயிலில் அனைவரும் பதிவு செய்துகொண்ட பின், ஒரு பிரிவு காட்டு வழியே கெராச்சுட் கடற்கரைக்கு நடக்க, மறு பிரிவு படகில் சென்று அங்கே காத்திருக்கலாம். நன்னீரும் உப்புநீரும் கலவாமல் அடுக்கடுக்காக நிற்கும் ஏரியும், கடலாமைப் பாதுகாப்பு மையமும் அக்கடற்கரையில் உண்டு. ஏரி பருவத்துக்கு ஏற்ப வற்றிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள். படகோட்டியிடம் கட்டணம் எத்தனை வெள்ளி, திரும்ப ஏற்றிக்கொள்ளும் நேரம் எது என்று புறப்படும் முன்பே பேசி முடித்துவிடவும். இன்னும் கடினமான நாள் வேண்டுவோர், 1883இல் கட்டப்பட்ட மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தை வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும் நெகிழிப்பையைக் கையில் தொங்கவிட்டு நடக்கக் கூடாது. குரங்குகள் அதை உணவென்றே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றுகூடல்களை ஒப்புக்குச் சேர்க்கும் இணைப்பாக நினைக்க வேண்டாம். மலை ஏற இயலாத மூத்தவர்கள் குழுவில் நீடிப்பது இவற்றால்தான். ஜார்ஜ்டவுனில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, குவான் யின் கோயிலைக் கடந்து, குவீன் ஸ்த்ரீட் மகாமாரியம்மன் கோயிலை வணங்கிவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் முடிக்கும் உலா, நின்று பேசி நடந்தாலும் ஒரு காலைக்குள் அடங்கிவிடும். ஜூன், ஜூலையில் பாலிக் புலாவ் டுரியான் தோட்டம் என்று அறிவித்தால் ஆள் சேர்க்க வேறு முயற்சி தேவையில்லை. புரட்டாசியில் சைவ உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் உறுப்பினர்களுக்காக, காலையில் பசியாறப் போவதை விடுத்து, மாலையில் நோன்பு திறக்கும் விருந்தாக மாற்றுங்கள்.

நடை நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தலைவர் அந்தப் பாதையைத் தாமே நடந்து பார்த்துவிட வேண்டும். விழுந்த மரமும் மண்சரிவும் வரைபடத்தில் தெரிவதில்லை. இங்கே பொழுது விடிய 7 மணி கடந்துவிடும் என்பதால், வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடுவதே முறை. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் என வழிநடத்துவோரை நிறுத்தி, ஒவ்வொரு சந்திப்பிலும் தலையெண்ணிக்கை எடுங்கள். அவசர எண் 999 எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும், எந்தப் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்தவர் இருவராவது வேண்டும். மழையால் நடையைக் கைவிட நேர்ந்தால் காலை 6 மணிக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். பசியாறும் கடையை மட்டும் ரத்து செய்ய வேண்டாம், அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் அங்கே வந்துசேர்வார்கள்.