ஸ்டென்ட் வைக்கலாமா? நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

62 வயதுக்காரர். வேகமாக நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் படமெடுக்கும் பரிசோதனை) செய்து பார்க்கிறார்கள், ஒரு ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு. ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேப்பின் கதவு திறக்கிறது. "பேஷண்ட் அட்டெண்டர் யாரு?" என்ற குரலைக் கேட்டு மகன் ஓடுகிறார். திரையில் படத்தைக் காட்டி, "எண்பது பர்சன்ட் அடைச்சிருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சுடலாமா?" என்கிறார்கள். அடைத்த ரத்தக்குழாயை விரித்துத் திறந்து வைக்கும் சிறிய வலைக்குழல்தான் ஸ்டென்ட். மகன் கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவு நேரமும் அப்பா உள்ளே மேஜையில் கண் விழித்துத்தான் படுத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் இதய மருத்துவமனை வாசலில் காத்திருந்த பலருக்கு இது பழகிய காட்சி. ஆதாரத்தின் அடிப்படையில் சிகிச்சை என்று நாம் பெருமையாகச் சொல்வது இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பது டாக்டருக்குத் தெரியும். தான் எப்படி வாழ விரும்புகிறேன் என்பது அந்த அப்பாவுக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்துப் பேச யாருக்கும் நேரம் இருப்பதில்லை. டாக்டர்கள், நர்ஸ்கள், குடும்பத்தார் என எல்லோருமே இதில் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் உண்டு.

முதல் தவறு, ஆளையும் நேரத்தையும் மாற்றிப் பிடிப்பது. மேஜையில் ஏற்றிய பிறகு, வெளியே நிற்கும் மகனிடம் கேட்பதைக் கலந்து பேசியதாகக் கணக்கில் வைக்கக் கூடாது. சட்டமும் அதை ஏற்பதில்லை. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்து, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, அவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருந்தாலும், அவருடைய அம்மாகூட முடிவெடுக்க முடியாது. ஆஞ்சியோவுக்கு முந்தைய நாள் வார்டிலேயே, "அடைப்பு இருந்தா என்னென்ன வழி இருக்கு, உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று நோயாளியிடம், பக்கத்தில் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, பேசிவிட்டால் கதவருகே நடக்கும் அவசரம் பெருமளவு குறையும்.

அடுத்தது, சிகிச்சை எதற்கு என்பதையே தெளிவாகச் சொல்லாமல் விடுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு மருத்துவமனையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இது. நிலையான நெஞ்சுவலிக்கு (உழைத்தால் வந்து, ஓய்வெடுத்தால் விட்டுவிடும் வலி) ஸ்டென்ட் போன்ற சிகிச்சைக்குச் சம்மதித்தவர்களில் 88 சதவீதத்தினர், அது தங்களை ஹார்ட் அட்டாக்கிலிருந்து காக்கும் என்று நம்பினார்கள். அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. இத்தனைக்கும் அங்கே கன்சென்ட் ஃபாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த 'இஸ்கீமியா' என்ற பெயர் கொண்ட ஆய்வு 2020இல் வெளியானது. நிலையான இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களில் ஒரு பாதியினருக்கு மாத்திரைகளோடு ஆஞ்சியோவும் தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும். மறு பாதியினருக்கு முதலில் மாத்திரை மட்டும், அதில் அடங்காவிட்டால் மற்றவை. மூன்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 145 பேர், மறுபக்கம் 144 பேர். ஹார்ட் அட்டாக், மரணம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் வலியில் வித்தியாசம் இருந்தது. தினமும் அல்லது வாரந்தோறும் வலி வந்தவர்களில், ஓராண்டுக்குப் பிறகு ஸ்டென்ட் வழியில் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வலியின்றி இருந்தார்கள். மாத்திரை வழியில் ஐந்தில் ஒருவர்தான். வலியே இல்லாமல் இருந்தவர்களுக்குப் பெரிய லாபம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நோயாளியின் வாய்மொழி தேவைப்படுகிறது. தினமும் மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு வலி இல்லாமல் இருப்பதே முதல் தேவையாக இருக்கலாம். வீட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் நடப்பவர், எப்போதாவது வரும் இறுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையோடு இருக்கிறேன் எனலாம். ஸ்டென்ட் வைத்தால் சில மாதங்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைத் தவறாமல் போட வேண்டும், ரத்தக்கசிவு அபாயம் கொஞ்சம் கூடும் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்கீமியா ஆய்வில் முதலில் மாத்திரை என்றிருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பின்னர் ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டார்கள். அந்தக் கதவு மூடிவிடுவதில்லை என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நிலையான நெஞ்சுவலிக்குத்தான். ஹார்ட் அட்டாக் வந்து கொண்டுவரப்பட்டவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இடது முதன்மை ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களையும், இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்திருந்தவர்களையும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. பாதி செய்தியைக் கேட்டுவிட்டு, "ஸ்டென்ட் எல்லாம் வேண்டாம், ஆராய்ச்சியே சொல்லிடுச்சு" என்று மறுப்பதும் இதே அளவுக்குத் தவறு.

படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது இன்னொரு பழக்கம். தண்ணீர்க் குழாயில் அடைப்பு மாதிரி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பல ஹார்ட் அட்டாக்குகள், பெரிதாக அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அதனால்தான் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது எல்லாம் ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் தேவை. "அடைப்பை எடுத்தாச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள், நாம் சொன்ன உவமையை நம்பித்தான் நிறுத்துகிறார்கள்.

எண்களைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். 1995இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் இரண்டு மடங்கு ஆகிறது என்று எச்சரிக்கை வந்தது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவராக இருந்தது இரண்டு பேர் ஆனது, அவ்வளவுதான். பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்த, மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. "பாதியாகக் குறையும்", "இரண்டு மடங்காகும்" என்றால் உடனே கேளுங்கள்: நூறு பேரில் எத்தனை பேருக்கு? சிகிச்சை எடுத்தால் எத்தனை, எடுக்காவிட்டால் எத்தனை? டாக்டர்களும் நன்மையைச் சதவீதத்திலும் பக்கவிளைவை "ரொம்ப அபூர்வம்" என்ற சொல்லிலும் சொல்லாமல், இரண்டையும் ஒரே அளவுகோலில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "இனி நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று எழுந்துபோவதும் தவறுதான். பார்வைக்கு மரியாதை போல இருந்தாலும் அது கைவிடுதல். குடும்பம் அப்போது கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" அது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா தினமும் என்ன செய்வார்? எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார்?" தெரிந்தபின், "அப்படின்னா நான் இதைத்தான் சொல்வேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிபாரிசு செய்வதும் கலந்து பேசுவதில் அடங்கும்.

குடும்பத்தின் பக்கம் நடக்கும் பெரிய தவறு மறைப்பது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." பாசத்தில்தான் சொல்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஓபியில் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே பாதி அவருக்குத் தெரிந்திருக்கும், யாரிடமும் பேச முடியாமல் தனியாகச் சுமப்பார். நேரடியாகவே கேட்கலாம்: "ரிப்போர்ட்டைப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசினா போதுமா?" பையனிடம் பேசுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு. பெண் நோயாளிகளிடம் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். கணவரும் மாமியாரும் பேசிக்கொண்டிருக்க, சிகிச்சைக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். ஐந்து நிமிடம் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் நாட்டு மருந்து சாப்பிடுவது, மாத்திரையை நிறுத்தியது, கடன் வாங்கப் பயப்படுவது எல்லாம் வெளியே வரும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். முடிவெடுக்க உதவும் எளிய கையேடுகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2024 மதிப்பாய்வு 209 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு விவரம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆலோசனையின்போதே பயன்படுத்தினால் கூடுதலாக ஆன நேரம் சராசரியாக ஓரிரு நிமிடம்தான். தமிழில் அப்படி ஒரு பக்கத் தாளைத் தயாரித்து வார்டில் வைப்பது எந்த மருத்துவமனைக்கும் முடியாத காரியமில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். "ஸ்டென்ட் வெச்சுட்டா இனிமே அட்டாக் வராதுன்னு சொல்வேன்" என்று பதில் வந்தால், மறுபடி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒருமுறை எடுத்த முடிவு அத்தோடு முடிந்தது என்று நினைப்பது. மாத்திரை வழி என்று முடிவானால், மறுபடி எப்போது வந்து பேச வேண்டும், வலி எந்த அளவுக்குக் குறையாவிட்டால் ஸ்டென்ட் பற்றி யோசிக்கலாம் என்பதைத் தேதியோடு ஓபி சீட்டில் எழுதிக் கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் விடாமல் வியர்த்துக் கொட்டினாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, நோயாளியையே ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.