இதய வால்வு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை என்றால் பெங்களூருதான் கிட்டம். அங்கே ஜெயதேவா மருத்துவமனையிலோ பொம்மசந்திரா மருத்துவமனையிலோ தேதி வாங்கியதும் அவர்கள் கேட்பது இதைத்தான்: “தழும்பு பெரிசா இருக்குமா? எத்தனை நாள்ல வீட்டுக்குப் போகலாம்?” நியாயமான கேள்விகள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது பெரிய தவறு. சின்ன வெட்டு வழியாகச் செய்தால் முதல் சில வாரங்கள் சுலபமாகப் போகலாம். பதினைந்து வருஷம் கழித்து எப்படி இருப்போம் என்பதை முடிவு செய்வது உள்ளே வைக்கும் வால்வும் நோயாளியின் வயதும்தான்.

வயதை மறப்பது அடுத்த தவறு. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ செய்யும் திசு வால்வு 70 வயதுக்காரருக்கு அநேகமாக ஆயுள் முழுக்கப் போதும். அதையே 30 வயதில் வைத்தால் சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். மறு அறுவை சிகிச்சை வரும். கலிபோர்னியா நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான பெரிய ஆய்வில், உலோக வால்வு வைத்தவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தது அயோர்டிக் வால்வில் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல்) 55 வயது வரை, மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருப்பது) 70 வயது வரை தெரிந்தது. ஒரே உடம்பில் இரண்டு வால்வுக்கு இரண்டு கணக்கு. அதனால் “எந்த வால்வு கெட்டிருக்கு?” என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைக்கிறார்களாமே, நம்ம பையனுக்கும் அதையே செய்யலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பார்ட்னர் 3 என்ற ஆய்வின் 5 ஆண்டு முடிவுகள் 2023-ல் வந்தன; அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி வயது 73, நோய் அயோர்டிக் வால்வு சுருக்கம். நம் ஊரில் இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் சிறுவயது வாதக் காய்ச்சல் (ருமாட்டிக் ஃபீவர்). அது அதிகம் தாக்குவது மைட்ரல் வால்வை. அந்த முடிவை இந்தப் பையனுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

புதிய வால்வுகளை நான் குறை சொல்லவில்லை. ரெசிலியா என்ற புதுவகைத் திசுவில் 7 ஆண்டு முடிவில் 100-க்கு 99 பேருக்கு வால்வு பழுதாகவில்லை. சந்தோஷமான செய்தி. ஆனாலும் 7 ஆண்டு 20 ஆண்டு ஆகாது, 35 வயதுக்காரருக்குத் தேவை 20 ஆண்டுக் கணக்கு. தையல் இல்லாமல் பொருத்தும் வால்வில் அறுவை நேரம் குறையும், பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு கூடும். “பின்னால் பழுதானால் உள்ளேயே இன்னொரு வால்வு வைத்துக்கொள்ளலாம்” என்றால் இப்போது வைப்பது என்ன அளவு என்று கேளுங்கள். 19, 21 மில்லிமீட்டர் வால்வுக்குள் இன்னொன்றை நுழைத்தால் ரத்தம் போகும் வழி குறுகிவிடும்.

பழையது என்று ஒதுக்குவதும் தவறுதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா என்ற உலோக வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. விலையும் குறைவு, முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவமும் இருக்கிறது.

உலோக வால்வு வைத்தபின் எல்லாமே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையில்தான் இருக்கிறது. அல்சூரில் ஓர் அம்மா, மகனுடைய அசிட்ரோம் மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதில் 1 மில்லிகிராமும் உண்டு, 4 மில்லிகிராமும் உண்டு. எது எதுவென்று அவருக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. நாலு மடங்கு வித்தியாசம்! மாத்திரையை அட்டையோடு வையுங்கள், கடையில் பெயரோடு மில்லிகிராமும் சொல்லி வாங்குங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக அயோர்டிக் வால்வுக்கு 2 முதல் 3, மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5, உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்தான் ஆபத்து. ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத டாபிகாட்ரான் போன்ற புது மாத்திரைக்கு உலோக வால்வுக்காரர்கள் மாறக் கூடாது. டாபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அபிக்ஸபான் என்ற இன்னொரு புது மாத்திரையின் ஆய்வையும் ரத்தக்கட்டு கூடியதால் 2022-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள், “புது வால்வு வந்தாச்சே” என்று 21 நாளுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஊசி மற்ற வால்வுகளைக் காப்பாற்றுகிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்வு தேர்ந்தெடுக்கும்போது குழந்தை பற்றிய பேச்சைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் கருவைப் பாதிக்கும்; பயந்து தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி அம்மாவின் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்ணையும் உட்கார வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசுங்கள்.