பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு: வயதான பெற்றோரின் இடமாற்றத்தைச் சரியாகச் செய்ய

மாடியும் கிணறும் பரணும் உள்ள வீட்டில் நாற்பது ஆண்டு குடியிருந்தவர்கள் எழுபத்தைந்து வயதில் இரண்டு அறை ஃபிளாட்டுக்கோ முதியோர் குடியிருப்புக்கோ போகும்போது, சாமான் ஏற்றும் லாரிதான் பெரிய கவலையாகத் தெரியும். உண்மையில் அது ஒரு நாள் வேலை. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எதை யார் முடிவு செய்தார்கள், எந்தக் காகிதத்தில் எப்போது கையெழுத்து விழுந்தது என்பதில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. இந்த வேலைக்கு அடிப்படை விதி ஒன்றே: இடத்தை முடிவு செய்வதும், சாமானைக் கழிப்பதும், சொத்தை எழுதுவதும் அங்கே வாழப்போகிறவரின் முடிவாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கைவேலை செய்யலாம், கணக்குப் போடலாம், விசாரித்துச் சொல்லலாம். அதோடு நிற்க வேண்டும்.

எங்கே போவது

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் "உங்க இஷ்டம்" என்ற பதில்தான் வரும். அதனால் வாரம் முழுவதும் அவர்கள் எங்கெங்கே நடந்து போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கோயில், மருந்துக் கடை, வங்கி, பேச்சுத் துணைக்கு ஒரு வீடு, டாக்டர். இதில் பாதியாவது புதிய இடத்தில் நடை தூரத்தில் கிடைக்காவிட்டால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் மனம் ஒட்டாது. அதே ஊரில், அதே பேட்டையில் லிஃப்ட் உள்ள சிறிய ஃபிளாட் கிடைத்தால் முதலில் அதைத்தான் பரிசீலிக்கச் சொல்வோம்.

பிள்ளை வீட்டுக்குப் போவதானால் தனி அறை, வாசலுக்கு ஒரு சாவி, கையில் தன் பணம், சமையலறையில் தனக்கென்று ஒரு நேரம் ஆகிய நான்கையும் போவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். போன பிறகு பேச ஆரம்பித்தால் அது குறை சொல்வதாக மாறிவிடும்.

கோயம்புத்தூர், சென்னைப் பக்கங்களில் முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. வீட்டை விலைக்கு வாங்குவது, டெபாசிட் கட்டித் தங்குவது, மாத வாடகை என்று மூன்று வகை உண்டு. விலைக்கு வாங்கினால் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்களுக்குச் சேரும் பங்கு, பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். புதிய திட்டமானால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள். டெபாசிட்டானால் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாளில் திரும்ப வரும், இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவருக்கு அதே ஒப்பந்தம் தொடருமா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பராமரிப்புக் கட்டணமும் சாப்பாட்டுக் கட்டணமும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், ஊருக்குப் போயிருக்கும் நாட்களுக்கு சாப்பாட்டுக் காசு கழியுமா, விற்கும்போது அவர்கள் சொல்லும் ஆளுக்குத்தான் விற்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி: படுக்கையில் விழுந்தாலோ, மறதி நோய் வந்தாலோ இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வெளியேறச் சொல்வீர்களா? பல இடங்கள் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்கு மட்டுமே. விளம்பரத்தில் இது தெரியாது, ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில்தான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வாரமாவது விருந்தினர் அறையில் தங்கிப் பாருங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நர்ஸ் உண்மையிலேயே இருக்கிறாரா என்பது தங்கினால்தான் தெரியும்.

துணையை இழந்த துக்கத்தில் இருப்பவரை உடனே இடம் மாற்றாதீர்கள். உடல்நிலை கட்டாயப்படுத்தாவிட்டால் ஓராண்டு போகட்டும்.

அளவு டேப்பைப் புதிய வீட்டில் வையுங்கள்

பழைய வீட்டில் நின்றுகொண்டு "எதை எடுத்துப் போகலாம்" என்று யோசித்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். புதிய வீட்டின் அளவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சுவரின் நீளம், கதவுகளின் அகலம், ஜன்னல் அடிமட்டம், பிளக் இருக்கும் இடம், லிஃப்டின் உள்ளளவு ஆகியவற்றைக் கட்டம் போட்ட தாளில் ஒரு அடிக்கு ஒரு கட்டம் என்று வரையுங்கள். பிறகு சாமான்களை அதே அளவில் அட்டையில் வெட்டி அதன்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். வழக்கமான இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். அது லிஃப்டில் நிமிர்ந்து நுழையுமா, படியில் திரும்புமா என்பது குடிபோகும் அன்றைக்குத் தெரிந்தால் போதாது. கட்டிலைச் சுற்றி, எழுந்து இறங்கும் பக்கத்தில் மூன்றடி வழி விடுங்கள். வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் அந்த மூன்றடிதான் உதவும்.

பெரியவர் அட்டைகளைத் தன் கையால் வைத்துப் பார்க்கட்டும். "இந்த பீரோ வராது" என்று மகன் சொல்வதற்கும், தானே வைத்துப் பார்த்து "இது வராது போலிருக்கே" என்று அம்மா சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஊஞ்சல் பல வீடுகளில் கடைசிவரை இழுபறியாக இருக்கும். ஃபிளாட்டின் கூரையில் கொக்கி மாட்ட, பொறியாளர் பார்த்துச் சொன்ன இடத்தில் மட்டுமே துளை போட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் தேவை. அலங்காரக் கூரையில் மாட்டினால் ஆளோடு விழும். தனி ஸ்டாண்டு வைத்தால் கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொள்ளும். இரண்டும் முடியாவிட்டால் தச்சரைக் கூப்பிட்டு, சங்கிலியைக் கழற்றிவிட்டு, அதே தேக்குப் பலகைக்குப் பதினேழு பதினெட்டு அங்குல உயரத்தில் கால் கொடுத்து பெஞ்சாக்கிவிடலாம். ஆடாது, ஆனால் உட்கார அதே பலகை.

குளியலறையைக் குடிபோகும் முன்பே மாற்றிவிடுங்கள். போன பிறகு செய்யலாம் என்று விட்டால், அந்த இடைவெளியில்தான் வழுக்கி விழுவார்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டின் உட்காரும் உயரம் 17 முதல் 19 அங்குலம். பிடிகம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், டாய்லெட் பக்கமும் குளிக்கும் இடத்திலும் வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, அதைப் பிடிகம்பியாக நினைக்க விடாதீர்கள். டைல்ஸில் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்குரூ போடுவது போதாது, செங்கல் சுவருக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கழிக்கும் வேலை

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், காலையில் மட்டும். அதற்கு மேல் போனால் களைப்பில் "எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்பார்கள், மறுநாள் தேடுவார்கள். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பரணில் உள்ளதை நீங்கள் இறக்கிக் கொண்டு வாருங்கள். அவர்களை ஏணி ஏற விடாதீர்கள். பாசம் குறைவான பொருளிலிருந்து தொடங்குங்கள்: காலி டப்பா, பழைய மின்சாதனம், கூடுதல் பாய் தலையணை. போட்டோவும் கடிதமும் கடைசியில்தான். முதல் நாளே ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

எடுத்துப் போவது, உறவுக்குக் கொடுப்பது, விற்பது என்று மூன்று நிறத்தில் ஸ்டிக்கர். முடிவு வராதவற்றுக்கு ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. அது நிரம்பிவிட்டால், உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே எடுத்தால்தான் புதிதாக ஒன்று உள்ளே போகலாம்.

பாத்திரத்தில்தான் நேரம் அதிகம் போகும். இரண்டு பேர் சமையலுக்கு 3 லிட்டர் குக்கர் ஒன்று, 5 லிட்டர் ஒன்று, இரண்டு வாணலி, ஒரு தோசைக்கல், நான்கைந்து பாத்திரம், ஆறு தட்டு, ஆறு டம்ளர் தாராளம். எவர்சில்வர் பாத்திரங்களைத் திருப்பி, விளிம்பில் பொறித்திருக்கும் பெயரையும் தேதியையும் படியுங்கள். கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, கிரகப்பிரவேசத்துக்கு யார் வைத்துக் கொடுத்தது என்று அம்மா சொல்லுவார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அதைத் திருப்பிக் கொடுப்பது போல மனம் நிறைவாகக் கழியும் வழி வேறில்லை.

பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றுக்கும் விலை வேறு. கலந்து மூட்டையில் எடை போட்டால் எல்லாமே குறைந்த விலைக்குப் போகும். வீட்டிலேயே பிரித்து, எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு கடைகளில் கேளுங்கள். தேக்கு, கருங்காலி, தோதகத்தி (ரோஸ்வுட்) மரச் சாமான்களைப் பழைய மரமாக விற்றுவிடாமல், காரைக்குடி பக்கப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவரிடமாவது படம் அனுப்பி விலை கேளுங்கள்.

நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். சுவடிகளுக்கு அந்த வரம்பு எழுபத்தைந்து ஆண்டு. தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகள் பாட்டி வீட்டுப் பழைய பஞ்சலோகச் சிலையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகும் யோசனையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சை சரஸ்வதி மகாலையோ அணுகலாம். பழைய தமிழ் இதழ்கள், பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தால் எடைக்குப் போடும் முன் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள்.

கொலு பொம்மைகளைச் செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றினால் மை வண்ணத்தில் ஒட்டும். பழைய பருத்தி வேட்டிக் கிழிசலில் சுற்றி, அதன்மேல் தாள். செட்டைப் பிரிக்காதீர்கள். படி குறைகிறது என்றால் ஒரு செட்டை முழுசாகப் பேத்திக்குக் கொடுங்கள்.

பத்திரம், பணம்

இடம் மாறும் பரபரப்பில் வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடுவது மிகப் பெரிய தவறு. எழுதிய பிறகு வீடு உங்களுடையது அல்ல. கொடுப்பதானால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி வேண்டும், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வது நல்லது. மனம் மாறினால் உயிலை மாற்றலாம். செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் முறையிட வழி தருகிறது. நிபந்தனை எழுதப்படாவிட்டால் அந்த வழி மிகவும் கடினமாகிவிடும்.

விற்பதானால் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மறைந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்குபவர் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது பல ஊர்களில் சாதாரணம். அதை மாற்றவே மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில் கவனம். 2001க்கு முன் வாங்கிய வீடானால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டினால் விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்பு வாங்கியிருந்தாலும் செல்லும். ஆனால் முதியோர் குடியிருப்பில் டெபாசிட் கட்டித் தங்குவது வீடு வாங்கியதாகாது. மகன் பெயரில் வாங்கினாலும் சிக்கல்தான். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருந்தால் அவர் பங்குக்கு வரிப் பிடித்தம் வேறு, அதிகம். ஒப்பந்தம் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், பதிவுக்குப் பிறகு அல்ல.

முடிந்தால் முதல் ஆறு மாதம் பழைய வீட்டை விற்காதீர்கள். பூட்டி வைக்கிறீர்களானால் காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள். திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்ற எண்ணமே பலரைப் புதிய இடத்தில் நிம்மதியாக உட்கார வைக்கிறது.

போகும் நாள்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோவதில்லை. அதனால் தையிலும் ஆவணியிலும் பேக்கர்ஸ் கிடைப்பது சிரமம், விலையும் ஏறும். வீட்டுக்கு வந்து பார்த்து, சாமான் பட்டியலோடு எழுத்தில் விலை கொடுப்பவரை மட்டும் அமர்த்துங்கள். போனில் குறைந்த விலை சொல்லி, லாரி போய்ச் சேர்ந்ததும் கூடுதல் பணம் கேட்டு இறக்காமல் நிறுத்துவது நடக்கிறது. மாடி, தூரம், இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டித் தராதீர்கள். நகை, பத்திரம், மருந்து லாரியில் ஏறக் கூடாது.

வேறு ஊரானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைப் பெற்றுக்கொண்டு, அதற்கான வவுச்சரை வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி, வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8, ஓய்வூதியம் வாங்குபவருக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் இடம் எல்லாம் முதல் மாதத்திலேயே மாற்றி முடியுங்கள்.

பெரியவர் வந்து சேரும் முன் படுக்கையறை முழுசாகத் தயாராக இருக்க வேண்டும். பழைய வீட்டில் இடது பக்கம் இறங்கினவருக்கு இங்கேயும் இடது பக்கம். இரவில் அரைத்தூக்கத்தில் கால் போவது பழைய வழியில்தான். டாய்லெட் வரை இரவு விளக்கு. மறதி நோய் உள்ளவரைப் பிற்பகலுக்கு முன்பே கூட்டி வாருங்கள், மாலையில் குழப்பம் கூடும். தனிப் பையில் ஒரு மாத மருந்து, புதிய மருந்துச் சீட்டு, கண்ணாடி, பல்செட் டப்பா, காது கருவிக்கு பேட்டரி, டார்ச், காபி ஃபில்டர், பொடி, சாமி படம், விளக்கு, எண்ணெய், தீப்பெட்டி. இன்சுலின் குளிர்ப் பையில், ஐஸ் கட்டியைத் தொடாமல். உறைந்த இன்சுலின் பயன்படாது.

முதல் மூன்று வாரம் தூக்கமும் பசியும் குறையலாம், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆறு வாரம் கடந்தும் சாப்பாடு இறங்கவில்லை, அறையை விட்டு வெளியே வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், "பழகிடும்" என்று விடாதீர்கள். மூன்றாவது மாதம் அந்த டிரங்குப் பெட்டியை அவர்கள் முன்னால் திறந்து, எது வெளியே வர வேண்டும் என்று கேளுங்கள். அதற்குள் எந்தப் பொருள் உண்மையில் தேவைப்பட்டது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.