நிபுணர் சாட்சியை மேடையேற்றும் முறை

1978இல் வாஷிங்டனில் நடந்த டாக்சி ஓட்டுநர் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையாளியின் ஸ்டாக்கிங் (நீளக் காலுறை) முகமூடியில் கிடைத்த 13 முடிகளில் ஒன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவரின் முடியோடு ஒத்துப்போவதாக எஃப்.பி.ஐ. நிபுணர் சொன்னார். 2012 டிஎன்ஏ சோதனையில் எதுவும் அவருடையதல்ல என்று தெரிந்தது. ஒன்று நாய் முடி!

சாட்சியத்தை நீதிமன்றப் பதிவில் உள்ளபடியே பேசவையுங்கள். சுருக்கினால் 'ஒத்துப்போகிறது' என்பது 'அவருடையதே' ஆகிவிடும். ஜூரி (தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு) செய்த பிழையை நீங்களும் செய்வீர்கள். அடுத்த காட்சியாகவே அரசு வக்கீலின் இறுதிவாதம் வரட்டும்: வேறொருவர் முடியாக இருக்க ஒரு கோடியில் ஒரு வாய்ப்பாம். இடையில் பாட்டு, விளக்கணைப்பு எதுவும் கூடாது. இருந்தால், நிபுணர் சொல்லாத எண் அது என்பது பார்வையாளருக்கு உறைக்காமல் போகும்.

நிபுணரை வில்லனாக்காதீர்கள். நிதானமாகப் பேசினால்தான் நம்புவார்கள். நாய் முடி கடைசிப் பகுதிக்கு.