காரோ-கான் தற்காப்புக்கு எதிராக வெள்ளை மேல்கை பெறுவது எப்படி? தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கான செய்முறை விளக்கம்

சதுரங்கம் கற்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களிடம் பேசினால், ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கும்போது கறுப்பு சி6 என்று பதில் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பலரும் சொல்வார்கள். கறுப்பின் காய்களில் எங்கும் ஓட்டை தெரிவதில்லை. தாக்கச் சென்ற வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாகப் பரிமாறப்பட்டு, முப்பதாவது நகர்வில் வெள்ளையின் சிப்பாய்களே பலவீனமாக நிற்கும். ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் ஆகிய இருவரும் 1886-இல் ஆராய்ந்து வெளியிட்டதால் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கும் இந்தத் தற்காப்பை, போட்வின்னிக், பெட்ரோசியன், கார்போவ் ஆகிய உலகச் சாம்பியன்கள் விரும்பி ஆடியதற்கு அந்த உறுதியே காரணம்.

இதற்கு எதிராக வெள்ளை எதிர்பார்க்க வேண்டியது விரைவான வெற்றியை அன்று. நீங்கள் பெறப்போவது அரைச் சிப்பாய்க்கும் குறைவான மதிப்புள்ள ஒரு மேல்கை; அதாவது, கறுப்பைவிடச் சற்றுக் கூடுதலான இடம். அந்த இடத்தைப் பிடிப்பது எளிது, கைநழுவ விடாமல் காப்பதுதான் கடினம். காப்பதற்கான திறவுகோல் எஃப்5 என்ற ஒரே கட்டத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தக் கட்டத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையின் இடக்கை ஓரத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து கிடைவரிசைகளை 1 முதல் 8 வரையும் எழுதியுள்ளேன். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்வு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது கறுப்பின் நகர்வு. பலகையை எதிரில் வைத்துக்கொண்டு படியுங்கள்; கண்ணால் மட்டும் படித்தால் இது மனத்தில் தங்காது.

படி 1: இடத்தைப் பிடியுங்கள்

1. ஈ4 சி6
2. டி4 டி5
3. ஈ5

இதை அட்வான்ஸ் வேரியேஷன் என்பார்கள். மூன்றாவது நகர்வில் டி5 சிப்பாயை வெட்டினால் நிலை திறந்து, கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடும். குதிரையை சி3-க்குக் கொண்டுவருவதும் சிறந்த ஆட்டமே. ஆனால் அதில் மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசைகள் மிகுதி. சிப்பாயை ஈ5-க்கு முன்னேற்றும் ஆட்டத்தின் நோக்கமோ பலகையைப் பார்த்தாலே புரியும்.

இப்போது கறுப்பின் இரண்டு குதிரைகளையும் பாருங்கள். ஜி8-இல் நிற்கும் குதிரைக்கு இயல்பான இடமான எஃப்6-ஐ உங்கள் ஈ5 சிப்பாய் காவல் காக்கிறது. பி8-இல் நிற்கும் குதிரைக்கு இயல்பான இடமான சி6-இல் கறுப்பின் சொந்தச் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிப்பாயை சி5-க்கு நகர்த்தி டி4-ஐத் தாக்கினால்தான் கறுப்பால் மூச்சுவிட முடியும் என்பதால், ஒரே சிப்பாய்க்காகக் கறுப்பு இரண்டு நகர்வுகளைச் செலவிட்டாக வேண்டும். கறுப்பின் உறுதிக்குக் கொடுக்கப்படும் விலை இதுதான்.

இதற்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைப்பது, வெள்ளைக் கட்டங்களில் ஓடும் மந்திரிக்குத் திறந்திருக்கும் வழி. 1. ஈ4-க்குக் கறுப்பு ஈ6 என்று பதில் சொல்லும் பிரெஞ்சுத் தற்காப்பில் அந்த மந்திரி ஈ6 சிப்பாயின் பின்னால் அடைபட்டுக் கிடக்கும், இங்கேயோ 3... மந்திரி எஃப்5 என்று முதலிலேயே வெளியே வந்துவிடுகிறது.

படி 2: மந்திரியைப் பரிமாறாதீர்கள்

எஃப்5-இல் வந்து நிற்கும் மந்திரியைப் பார்த்ததும் தொடக்கநிலை ஆட்டக்காரரின் கை தானாகவே 4. மந்திரி டி3 என்று ஆடப்போகும். கறுப்பின் நல்ல காயைப் பரிமாறி அகற்றிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். இந்தத் தவறு எவ்வளவு பழையது என்பதற்கு, 1885-இல் ஹாம்பர்க் போட்டியில் ழாக் மீசஸ் என்ற வலிமையான ஆட்டக்காரருக்கு எதிராகக் கான் ஆடிய ஆட்டமே சான்று.

அந்த ஆட்டத்தில் 4. மந்திரி டி3 என்று மீசஸ் ஆட, கான் மந்திரியை வெட்டினார். வெள்ளை ராணி டி3-இல் திரும்ப வெட்டியது. பிறகு கறுப்பு நிதானமாக ஈ6, சி5, குதிரை சி6, ராணி பி6 என்று டி4 சிப்பாயின் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனது. ஜி8-இல் இருந்த குதிரை எச்6 வழியாக எங்கே போய் அமர்ந்தது தெரியுமா? எஃப்5-இல். மந்திரி காலி செய்துவிட்டுப் போன அதே கட்டம். அங்கிருந்து அது டி4-ஐத் தாக்கியது. ராணியும் மற்றொரு குதிரையும் சேர்ந்து மூன்று காய்கள் ஒரே சிப்பாயைக் குறிவைத்தன. 13-ஆவது நகர்வில் கான் சி6 குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். வெள்ளை அந்தக் குதிரையைத் திரும்ப வெட்டியதும் கறுப்பின் மற்றொரு மந்திரி சி5-க்கு வந்து டி4-இல் நின்ற வெள்ளைக் குதிரையைப் பிணைத்தது; அது விலகினால் ராஜாவுக்குச் செக். 24 நகர்வுகளில் மீசஸ் தோற்றார்.

1927-இல் நியூயார்க்கில் கபப்லாங்காவுக்கு எதிராக நிம்சோவிச்சும் இதே மந்திரிப் பரிமாற்றத்தைச் செய்து தோற்றார் என்பதை நினைத்தால், இந்த ஆசை பெரிய ஆட்டக்காரர்களையும் விடவில்லை என்பது விளங்கும். காரணம் எளிமையானது. இடம் குறைவாக உள்ளவருக்குத் தம் காய்களே ஒன்றுக்கொன்று இடைஞ்சல். சிறிய வீட்டில் ஆறு பேர் இருந்தால் நெரிசல். நான்கு பேர் கிளம்பிப் போய்விட்டால் அதே வீடு விசாலமாகிவிடும். ஒவ்வொரு பரிமாற்றமும் கறுப்பின் வீட்டில் ஒருவரைக் குறைக்கிறது.

படி 3: பொறியை அறிந்துகொள்ளுங்கள்

கறுப்பு கவனமில்லாமல் ஆடினால் எஃப்5 மந்திரி சிக்கிக்கொள்ளும் என்பதை நிரூபிக்கும் நகர்வு 4. எச்4. மற்றோர் உலகச் சாம்பியனான மிகயில் டால் 1961-ஆம் ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில் போட்வின்னிக்குக்கு எதிராக இதை ஆடிக் காட்டினார். இதற்குக் கறுப்பு வழக்கம்போல் 4... ஈ6 என்று ஆடிவிட்டால்:

5. ஜி4 மந்திரி ஈ4
6. எஃப்3 மந்திரி ஜி6
7. எச்5

மந்திரிக்குப் போக்கிடம் இல்லை. பின்வாங்கும் மூலைவழியில் எஃப்7, எச்7 ஆகிய இரண்டிலும் கறுப்புச் சிப்பாய்களே நிற்கின்றன. முன்னால் சி2 சிப்பாயை வெட்டினால் ராணி திரும்ப வெட்டும். ஒரு மந்திரி போயிற்று. பலகையில் இதை இரண்டு மூன்று முறை நகர்த்திப் பாருங்கள். அந்த மந்திரி எவ்வளவு குறுகலான இடத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எதிராளி விவரமறிந்தவராக இருந்தால் 4... எச்5 அல்லது 4... எச்6 என்று ஆடுவார். 4... எச்6-க்குப் பிறகு 5. ஜி4 மந்திரி ஈ4 6. எஃப்3 மந்திரி எச்7 என்று கறுப்பு போனால், 7. ஈ6 என்ற அழகான சிப்பாய்த் தியாகம் வெள்ளையின் கையில் இருக்கிறது. கறுப்பு எஃப் சிப்பாயால் வெட்டியதும் 8. மந்திரி டி3 என்று வந்து, அங்கே மந்திரிகள் பரிமாறப்பட்டால் வெள்ளை ராணி டி3-இல் நின்றுகொண்டு ஜி6-இல் செக் கொடுக்கத் தயாராகிறது. படி 2-இல் வேண்டாம் என்று சொன்ன பரிமாற்றம் இங்கே ஏன் நல்லது என்று நீங்கள் கேட்கலாம். கறுப்பின் எஃப்7 சிப்பாய் இடம்பெயர்ந்ததால் ராஜாவைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டங்கள் திறந்துகிடக்கின்றன. அவற்றைக் காத்துநிற்கக்கூடிய ஒரே மந்திரியை அகற்றுவதில் பொருள் இருக்கிறது.

கறுப்பு 5... மந்திரி டி7 என்று பின்வாங்கிவிட்டால் இந்தத் தியாகத்துக்கு வாய்ப்பில்லை. வெள்ளையின் ராஜாப்பக்கச் சிப்பாய்கள் முன்னேறிப்போய், ராஜாவுக்குப் பாதுகாப்பும் குறைந்திருக்கும். ஆகவே எச்4 கூர்மையான ஆயுதம். தொடக்கநிலையில் உள்ளவர் இதை அறிந்துவைத்திருந்தால் போதும், அன்றாட ஆட்டத்துக்குப் பின்வரும் அமைதியான முறையையே பரிந்துரைக்கிறேன்.

படி 4: ஷார்ட் முறையில் அமையுங்கள்

4. குதிரை எஃப்3 ஈ6
5. மந்திரி ஈ2

இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட் பிரபலப்படுத்திய அமைப்பு இது. பார்ப்பதற்கு மிகச் சாதுவான ஆட்டம். வெள்ளை எதையும் தாக்கவில்லை. ஆனால் மந்திரி டி3-க்குப் போகாமல் ஈ2-இல் நிற்பதால் கறுப்பு மந்திரியோடு பரிமாற்றம் இல்லை. ராஜா உடனே கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறி ராஜாவைப் பாதுகாப்பது) செய்துகொள்ளலாம். எஃப்5-இல் மந்திரியே நிற்கிறது என்பதால் ஜி8 குதிரைக்கு அந்தக் கட்டம் கிடைக்கவில்லை; அது ஈ7-க்கு வந்தால் எஃப்8-இல் உள்ள தன் மந்திரியின் வழியை அடைக்கும். மீசஸின் ஆட்டத்தில் தீர்ந்துபோன நெரிசல் இங்கே தீராமல் அப்படியே நிற்கிறது.

கறுப்பின் முக்கியமான பதில் 5... சி5. இங்கே 6. மந்திரி ஈ3 என்று ஆடுங்கள். இது டி4-க்குத் தாங்கலாக இருப்பதோடு, டி4 சிப்பாயால் சி5-ஐ வெட்டி அந்தச் சிப்பாயைத் தக்கவைத்துக்கொள்ளும் மிரட்டலையும் உள்ளடக்கியது. இதன்பின் இரண்டு பாதைகள் உள்ளன.

முதல் பாதையில் கறுப்பு 6... சிப்பாயால் டி4-ஐ வெட்டுகிறது, 7. குதிரை டி4-இல் திரும்ப வெட்டுகிறது. அந்தக் குதிரை இப்போது எஃப்5 மந்திரியின் மேல் கண்வைத்திருக்கிறது. அதை வெட்டவிட்டு ஈ6 சிப்பாயால் கறுப்பு திரும்ப வெட்ட நேர்ந்தால், எஃப் நெடுவரிசையில் இரட்டைச் சிப்பாயும் டி5-இல் துணையற்ற தனிச் சிப்பாயும் ஏற்படும். எனவே 7... குதிரை ஈ7 என்று கறுப்பு காக்கும். பிறகு 8. குதிரை டி2, குதிரை பி8-இலிருந்து சி6 9. டி2 குதிரை எஃப்3. டி4-இல் நிற்கும் குதிரை பரிமாறப்பட்டாலும் அதன் இடத்தில் உட்கார இரண்டாவது குதிரை காத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு 9... மந்திரி ஜி4 என்று ஆடி, 10. கேஸ்லிங் முடிந்ததும் எஃப்3 குதிரையை மந்திரியால் வெட்டினால், 11. டி4 குதிரை எஃப்3-இல் திரும்ப வெட்டும். கறுப்பு அடைபட்ட மந்திரிக்கு வழிதேடி 11... ஜி6 என்று ஆடும்போது உங்கள் பதில் 12. சி4. இதுவரை நிலையை மூடியே வைத்திருந்த நீங்கள் ஏன் இப்போது திறக்க வேண்டும்? உங்களிடம் இரண்டு மந்திரிகள் இருக்கின்றன, கறுப்பிடம் ஒன்றுதான். திறந்த மூலைவழிகளில் இரண்டு மந்திரிகளின் வலிமை கூடும். மேலும், நீங்கள் கேஸ்லிங் செய்துவிட்டீர்கள், கறுப்பு ராஜா இன்னும் ஈ8-இலேயே நிற்கிறது. இடம் என்ற மேல்கையை மந்திரி ஜோடி என்ற மேல்கையாக மாற்றிக்கொள்ளும் தருணம் இது.

இரண்டாவது பாதையில் கறுப்பு 6... ராணி பி6 என்று பி2 சிப்பாயைக் குறிவைக்கிறது. பயந்து காக்க வேண்டாம், 7. குதிரை சி3. கறுப்பு ராணி பி2-ஐ வெட்டினால் 8. ராணி பி1 என்று எதிர்கொள்ளுங்கள். ராணிகள் பரிமாறப்பட்டதும் யானை பி1-இல் திரும்ப வெட்டுகிறது. உடனே பி7 சிப்பாயின் மேல் அதன் பார்வை விழுகிறது, சி3 குதிரைக்கு பி5 வழியாக சி7-க்குப் போகும் பாதையும் திறந்திருக்கிறது. இழந்த சிப்பாய் திரும்பி வரும். அதற்குள் கறுப்பின் ராஜாப்பக்கக் காய்கள் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்காது.

கறுப்பு சி5 ஆடாமல் 5... குதிரை டி7 என்று தாமதித்தால், கேஸ்லிங் செய்துவிட்டு, எஃப்3 குதிரையை எச்4-க்கு நகர்த்தி மந்திரியைத் தேடிப் போகலாம். அல்லது மற்றொரு குதிரையை டி2 வழியாக பி3-க்குக் கொண்டுவந்து சி5 கட்டத்தை முன்கூட்டியே கட்டுப்படுத்தலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். எச்4-க்குப் போய், ஜி6-க்குப் பின்வாங்கும் மந்திரியைப் பிடித்தால், கறுப்பு எச் சிப்பாயால் திரும்ப வெட்டி, உங்கள் ராஜா இருக்கும் பக்கம் யானைக்குத் திறந்த நெடுவரிசை ஒன்றைப் பெற்றுவிடும். அனுபவம் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 5: மூன்றாவது நகர்விலேயே சி5 வந்தால்

3... சி5 என்று உடனே ஆடுபவர்களும் உண்டு. போட்வின்னிக் 1961-இல் டாலுக்கு எதிராக இதையும் ஆடினார். சி6-இல் ஒரு நகர்வைச் செலவிட்டு, அடுத்து சி5 என்று அதே சிப்பாயை நகர்த்துவதால், வெள்ளைக்கு ஒரு நகர்வு மிச்சமாகக் கிடைத்துள்ள பிரெஞ்சுத் தற்காப்பைப் போன்றதே இந்த நிலை. அந்த மிச்சத்தைப் பயன்படுத்த 4. டி4 சிப்பாயால் சி5-ஐ வெட்டுங்கள். 4... ஈ6 என்று கறுப்பு சிப்பாயைத் திரும்பப் பெற முயலும்போது, டால் 5. ராணி ஜி4 என்று ஆடி, எஃப்8 மந்திரியை ஜி7-இன் காவலிலேயே கட்டிப்போட முயன்றார். தொடக்கநிலை ஆட்டக்காரர் 5. மந்திரி ஈ3 என்று சி5 சிப்பாயைத் தாங்கினால் போதும்; கறுப்பு அதைத் திரும்பப் பெறச் செலவிடும் நகர்வுகளில் நீங்கள் காய்களை வெளிக்கொணர்ந்து விடலாம்.

படி 6: பயிற்சி

மேலே உள்ள நகர்வுகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட, இரண்டு நிலைகளை மட்டும் பலகையில் வைத்துப் பழகுவது பயன்தரும். ஒன்று, மீசஸ் ஆட்டத்தில் கறுப்புக் குதிரை எஃப்5-க்கு வந்த நிலை. இதில் கறுப்பாக ஆடுங்கள். மற்றொன்று, ஷார்ட் முறையில் 12. சி4 ஆடிய நிலை. இதில் வெள்ளையாக ஆடுங்கள். இரண்டையும் ஒரு நண்பரோடு, ஆளுக்குப் பத்து நிமிடக் கடிகாரம் வைத்து, குறைந்தது ஐந்து முறையாவது இறுதிவரை ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் பரிமாறப்பட்ட காய்களை ஒரு தாளில் எழுதி, அந்தப் பரிமாற்றத்தை முதலில் தொடங்கியது வெள்ளையா கறுப்பா என்று எதிரில் குறித்து வையுங்கள். தோற்ற ஆட்டங்களின் தாள்களில், கேஸ்லிங் முடிவதற்கு முன்பே வெள்ளை தொடங்கிய பரிமாற்றம் எது என்று முதலில் தேடுங்கள்.