ஐப்பசி வெயிலில் வாராந்திர வானிலை முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

ஐப்பசி பிறந்தும் வெயில் தணியாத ஆண்டுகளில், பகல் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், அது இயல்பைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதையும் கவனியுங்கள். சென்னையில் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் அளவுகள் தனித்தனியே வருவதால், உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து காற்றின் திசை. என் அனுபவத்தில் இதுவே முக்கியம். கடற்காற்று நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் வெப்பம் மட்டுப்பட்டுப் புழுக்கம் மிஞ்சும். மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று கடற்காற்றைத் தடுத்துவிட்டால், கொடியில் போட்ட துணி மொரமொரவெனக் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றிருந்தால் வடாம் காயப்போடத் தயங்க வேண்டாம். ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்யும் என்று பொருள். மொட்டைமாடி வடிகாலில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை முந்தைய மாலையே அள்ளிவிடுங்கள்.